உறைமோர் கேட்கும் கம்பைலர்

வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். பால் எவ்வளவு இருந்தாலும் உறை ஊற்றக் கொஞ்சம் பழைய தயிர் வேண்டுமே! கம்பைலர் கதையும் இதுதான். மனிதர் எழுதும் நிரலை பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை. ஆனால் அதுவும் ஒரு நிரல். அதை மாற்றித் தர இன்னொரு கம்பைலர் வேண்டும்.

1957இல் ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704க்குத் தந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் அசெம்பிளியில் கையால் எழுதப்பட்டது. உறையில்லாமல் உறைந்த தயிர் அது. 1962இல் எம்ஐடியின் ஹார்ட்டும் லெவினும் லிஸ்ப் மொழியிலேயே லிஸ்ப் கம்பைலரை எழுதி, அதைக்கொண்டே அதை மாற்றிக் காட்டினார்கள்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 மார்ச்சில் ஜிசிசி என்ற கம்பைலரின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். சொந்தக் கணினியில் கம்பைலரைக் கட்டிப் பார்க்கும் பழக்கம் பரவ அதுவே பெரிய காரணம். இன்று ஜிசிசியைக் கட்ட முதலில் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்களைச் சேர்க்க வேண்டும். பிறகு கான்ஃபிகர், அதன்பின் மேக் என்ற கட்டளைகள். ஏற்கெனவே உள்ள கம்பைலர் புது ஜிசிசியைக் கட்டும். அந்தப் புதியது தன்னையே மறுபடி கட்டும். அப்படி வந்தது இன்னொரு முறை கட்டும். இரண்டாம் ஈடும் மூன்றாம் ஈடும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் தேர்ச்சி. இல்லாவிட்டால் 'பூட்ஸ்ட்ராப் கம்பேரிசன் ஃபெயிலியர்' என்று திரை கத்தும். ரேம் போதாத கணினியில் அதற்கும் முன்பே 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஆட்டம் முடிந்துவிடும்.

சென்னையிலிருந்து செவ்வாப்பேட்டை ரோடு வழியாகப் போகும் திருவள்ளூர் மின்சார ரயிலில் வரும் கணினித் துறை மாணவர்களுக்கு 'பிசிடி' என்றால் தெரியும்: பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்பைலர் டிசைன். லேபில் லெக்ஸ், யாக் என்ற கருவிகளைக் கொண்டு ஒரு கால்குலேட்டர் செய்வார்கள். முழுக் கம்பைலரைக் கட்டாமலேயே பட்டம் கைக்கு வந்துவிடும். பாவம், நல்ல வேடிக்கையைத் தவறவிடுகிறார்கள்.

அதே சென்னையில், ஐஐடி மெட்ராசில், காமகோடி தலைமையிலான குழுவுக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியின் அடிப்படையில் அவர்கள் வடிவமைத்த 'சக்தி' பிராசசர் புது வீடு. அங்கே உறைமோரே கிடையாது. இன்டெல் கணினியில் உட்கார்ந்து சக்திக்கான கட்டளைகளைத் தரும் கிராஸ் கம்பைலர் வேண்டும். அதிகாரபூர்வ ஜிசிசிக்குள் ரிஸ்க்-ஃபைவ் நுழைந்ததே 2017 மே மாதம், 7ஆம் பதிப்பில்தான். அதுவரை ரிஸ்க்-ஃபைவைத் தொட்டவர்கள் தனிக்கிளையாக இருந்த மூலநிரலை எடுத்துத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 2018இல் இன்டெலின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டரில் வார்த்த சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது.

சிப் நம்முடையது, உறை?

1984இல் கணினி அறிஞர் கென் தாம்சன் இந்த இடத்தில்தான் கைவைத்தார். மூலநிரல் சுத்தமாக இருக்கும். ஆனால் பழைய கம்பைலருக்குள் ஒளிந்த திருட்டு வழி, கட்டும் ஒவ்வொரு புதுக் கம்பைலருக்கும் சத்தமில்லாமல் தொற்றிக்கொள்ளும். பாலை எத்தனை முறை காய்ச்சினாலும் உறையில் உள்ள கெடுதல் போகாது.

இதற்கு குனு கீக்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தின் குழுவினர் 2023இல் ஒரு வழி காட்டினார்கள். வெறும் 357 பைட் விதை நிரலில் தொடங்கி, படிப்படியாக ஜிசிசி வரை கட்டி ஏறினார்கள். அந்த விதையை ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகச் சரிபார்த்துவிடலாம். இந்தப் பத்தியைக் கணினியில் சேமிக்கவே அதைவிட அதிக இடம் பிடிக்கும்.