இடுப்பு வலிக்கு ‘பெட் ரெஸ்ட்’: இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது?

“டிஸ்க் விலகிருச்சு, ஒரு மாசம் படுக்கையை விட்டு எழுந்திரிக்காதீங்க.” உங்க வீட்ல யாராவது ஒருத்தர் இதைக் கேட்டிருப்பாங்க.

எங்க புதுக்கோட்டை மாவட்டத்தில் இடுப்பு வலியோடு வர்றவங்க யாருன்னு பாருங்க. நடவுக்கு நாள் முழுக்கக் குனியறவங்க. கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவங்க. ஆதனக்கோட்டைப் பக்கம் உட்கார்ந்த இடத்திலேயே முந்திரி உடைக்கிறவங்க. இவங்களுக்கு ஒரு மாசம் படுக்கைன்னா, ஒரு மாசக் கூலி போச்சு. அவ்வளவு விலை கொடுக்கிற அளவுக்கு அந்த அறிவுரையில் சரக்கு இருக்கா?

கதை லண்டனில் ஆரம்பிக்குது. 1863-இல் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவரின் உரைகள் புத்தகமா வந்தன. வலி என்பது ஓய்வு கேட்கும் உடம்பின் குரல் என்பதுதான் அதன் சாரம். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்னைக்கு எக்ஸ்ரே கிடையாது, காசநோய்க்கு மருந்து கிடையாது. உடைஞ்ச எலும்பையும் சீழ் பிடிச்ச மூட்டையும் அசையாம வைக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. தப்பு பின்னாடி நடந்தது. உடைஞ்ச எலும்புக்குப் பொருந்தினதை எல்லா இடுப்பு வலிக்கும் நீட்டிட்டாங்க.

1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டாங்க. முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனா அதுக்கப்புறம் எந்த வலிக்கும் டிஸ்க் மேலேயே பழி. (டிஸ்க் எங்கேயும் ‘விலகி’ ஓடுறதில்லை. உள்ளே இருக்கிற கூழ் மாதிரிப் பொருள் பிதுங்குது, அவ்வளவுதான்.)

இனி நம்ம ஊர்ப் பங்கு. எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினாங்க. நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பாதிக்கு சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் மருந்தும். மறுபாதிக்கு நெருக்கடியான வீடுகளிலேயே அதே மருந்து. 1959-இல் முடிவு வந்தப்போ ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். மாத்திரை இருந்தா மெத்தை தேவையில்லைன்னு உலகத்துக்குச் சொன்னது சென்னை.

அதோட நிக்கல. 1975-இலிருந்து அதே சென்னையில், முதுகெலும்பையே காசநோய் அரிச்சவங்களை வெச்சு ஒரு ஆய்வு. சிலருக்குப் பெரிய அறுவை சிகிச்சையோடு மாத்திரை. மத்தவங்களுக்கு நடமாடிக்கிட்டே மாத்திரை மட்டும். பத்து வருஷம் கழிச்சு நல்லா இருந்தவங்க: அறுவைப் பிரிவில் 90 சதவீதம், நடமாடி 6 மாசம் மாத்திரை எடுத்தவங்களில் 94, 9 மாசம் எடுத்தவங்களில் 99.

அரிச்ச முதுகெலும்புக்கே இந்த நிலைமைன்னா, சாதாரணப் பிடிப்புக்கு ஒரு மாசப் படுக்கை எதுக்கு?

அதையும் சோதிச்சுட்டாங்க. 1986-இல் அமெரிக்காவில் 2 நாள் ஓய்வு, 7 நாள் ஓய்வு ரெண்டையும் ஒப்பிட்டாங்க. 7 நாள் படுத்தவங்களுக்குக் கூடுதல் குணம் எதுவும் இல்லை. வேலை நாள்தான் அதிகம் போச்சு. 1995-இல் ஹெல்சிங்கி ஆய்வில் படுக்கை, உடற்பயிற்சி, முடிஞ்ச அளவு வழக்கமான வேலை மூணையும் ஒப்பிட்டாங்க. சீக்கிரம் தேறினது மூணாவது கூட்டம்.

ஸ்கேன் பத்தியும் ஒரு வார்த்தை. 1994-இல் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைச்சிருந்தது. அதனால ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ன்னு பார்த்ததும் பதறாதீங்க.

அப்போ என்ன செய்யலாம்? தாங்க முடியலைன்னா ஒண்ணு ரெண்டு நாள் படுங்க, தப்பில்லை. அப்புறம் எழுந்து நடங்க. சூடு ஒத்தடம் கொடுங்க. வலி மாத்திரையை நீங்களா வாங்கி வாரக்கணக்கில் போடாதீங்க, வயிறும் கிட்னியும் கெடும். பெரும்பாலான வலி சில வாரத்தில் குறைஞ்சிடும்.

வேலையை நிறுத்துறதைவிட சுமையை மாத்துறது முக்கியம். ஒரே கூடையை ரெண்டு நடையா தூக்குங்க, உடம்போடு ஒட்டிப் பிடிங்க. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தால் எங்க மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அது தந்த விடுதலையைப் பத்தி நிறைய எழுதியாச்சு. இடுப்பில் இருந்த தண்ணிக்குடம் சைக்கிளுக்கு மாறினதும் சின்ன விஷயம் இல்லைன்னு ஒரு டாக்டரா நான் சொல்வேன்.

ஆனா இதெல்லாம் இருந்தா காத்திருக்காதீங்க: சிறுநீர் அடைச்சுக்கிறது அல்லது தெரியாமலே போறது, உட்காரும் இடம் மரத்துப்போறது, கால் வலுவிழக்கிறது. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்கவிடாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி, முன்னாடி புற்றுநோய் இருந்தவங்களுக்கு வர்ற வலி, இதுக்கெல்லாம் தாமதிக்காம டாக்டரைப் பாருங்க. முதுகெலும்புக் காசநோய் இன்னும் நம்மகிட்ட இருக்கு. அதுக்கான மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.