வீட்டு மீடியா சர்வர் பழசாகிவிட்டதா? எதை முதலில் மாற்றணும்?

கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ எல்லாம் இருக்கும் பழைய சர்வர் திணறுகிறதா? உடனே புது பிராசஸர் வாங்க ஓடாதீங்க.

முதலில் ஹார்ட் டிஸ்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்க. 'ரீஅலோகேட்டட் செக்டார்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு டிஸ்கை மாற்றிடுங்க. 'ரெய்டு இருக்கே' என்று அசட்டையாக இருக்காதீங்க. ஒரு டிஸ்க் போனால் அது கைகொடுக்கும்; தவறுதலாக அழித்த ஃபைலை மீட்டுத் தராது. தனி பேக்கப் கட்டாயம்.

அடுத்து, 4கே படம் நின்று நின்று ஓடுகிறதா? டிவி அந்த ஃபார்மட்டை நேரடியாக இயக்கினால் சர்வருக்குப் பெரிய வேலை இல்லை. கோளாறு வைஃபையில் இருக்கலாம். கேபிள் போட்டுப் பாருங்க. டிவி இயக்காவிட்டால்தான் சர்வர் வீடியோவை மாற்றித் தரணும். அதற்கு கிராபிக்ஸ் உள்ளடங்கிய இன்டெல் 7-ம் தலைமுறை சிப்பே 10-பிட் ஹெச்இவிசி வரை சமாளிக்கும். பிராசஸர் செலவு கடைசியில்தான்!