விடுதிச்சாலையின் முட்டைக் குழம்பு

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே அதிபர்களின் பணியும், கட்டடங்களின் வளர்ச்சியும், விளையாட்டு வெற்றிகளும் வேறு பக்கங்களில் எழுதப்பட்டுள்ளன. விடுதிச்சாலையில் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த நாம் சிலர் கூடிக் குசினியின் வரலாற்றை எழுத முனைந்தோம். எங்கே தொடங்குவது என்று பேசியபோது, 1950களில் இருந்த அக்காமாரும் 1990களில் இருந்த தங்கைமாரும் ஒரே கறியைத்தான் சொன்னார்கள். புதன்கிழமை இரவு இடியப்பத்துடன் வந்த தேங்காய்ப்பால் முட்டைக் குழம்பு அது.

யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியின் வரலாறு விடுதியோடு பிணைந்தது. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கியபோது அதனை விடுதிப் பாடசாலையாகவே தொடங்கினார்கள். பெண்பிள்ளை வீட்டை விட்டு வந்து உண்டு உறங்கிப் படிப்பது அக்காலத்துக்குப் புதிது. என்ன படிப்பிக்கிறார்கள் என்பதோடு, யார் சமைக்கிறார்கள், யாரோடு இருந்து சாப்பிட வேண்டும் என்ற கேள்விகளும் பெற்றோரிடம் இருந்தன. அக்கேள்விகளின் அடியில் இருந்தது சாதி. 1924இல் தோன்றிய வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, அதை எதிர்த்துப் பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் எமது மண்ணின் வரலாறுதான். ஆகவே ஒரே வாங்கில் வரிசையாக இருந்து ஒரே சட்டிக் குழம்பை உண்டதைச் சிறிய விடயமாக நாம் எண்ணவில்லை. எமக்கு முன்னிருந்தவர்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இனிக் குழம்புக்கு வருவோம். இதிலுள்ள எல்லாம் ஆதியிலிருந்தே எம்முடையவை அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக எமது கரைகளுக்கு வந்தது. அதற்கு முன்பு உறைப்புக்கு மிளகே இருந்தது. அந்தப் பழைய நினைவைத்தான் 'மிளகாய்' என்ற பெயர் இன்றும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் தேங்காயை அரைத்துக் குழம்பில் விடுவார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் பிழிந்து பாலாக விடும் வழக்கம் பெரிது. கேரளத்தவர் அப்பத்துடன் உண்ணும் முட்டைக் கறிக்கும் எமது குழம்புக்கும் உறவு தெரிகிறது. எம்முடையதை வேறாக்குவது வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள்.

சமைத்த முறையை நாம் கண்டபடி எழுதுகிறோம். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை யாவும் தனித்தனியே வறுக்கப்பட்டு, மஞ்சளும் சேர்த்துத் தவணைத் தொடக்கத்தில் தூளாக வந்துவிடும். புதன்கிழமை பின்னேரம் துருவலைகளில் தேங்காய் துருவப்படும். இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிழியும் முதற்பால் ஒரு பாத்திரத்திலும், இரண்டாம் பாலும் கப்பிப் பாலும் இன்னொன்றிலும் இருக்கும். வெண்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தூளும் உப்பும் இட்டு, தண்ணிப் பாலை விட்டு நன்றாகக் கொதிக்க வைப்பார்கள். பழப்புளியும் அதிலேயே கரைந்து வற்றவேண்டும். முதற்பால் கடைசியில். அதை விட்டபின் துழாவிக்கொண்டே இருந்து, சட்டியின் ஓரம் கொதிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கூடக் கொதித்தால் பால் திரைந்து, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகிவிடும். எண்பது பேருக்கான சட்டியை விறகடுப்பிலிருந்து அந்தக் கணத்தில் இறக்குவதற்கு இருவர் வேண்டும்.

முட்டை வேறாக அவிக்கப்படும். பெரிய கிடாரத்தில் அவித்துச் சுடுநீரிலேயே கிடந்ததால் மஞ்சட் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்திருக்கும். வீட்டில் அவிக்கும் முட்டைக்கு அந்த வளையம் இல்லை என்பதை விடுமுறையில்தான் கவனிப்போம். எண்பது பேருக்கு நாற்பது முட்டை, ஆளுக்குப் பாதி. கத்தியால் வெட்டினால் கரு ஒட்டிக்கொள்ளும் என்று தையல் நூலால் அறுப்பார்கள். அறுத்த முட்டையைக் குழம்பில் போட்டால் கரு கரைந்துவிடும். ஆகையால் அதைக் கோப்பையில் வைத்து மேலே குழம்பை ஊற்றுவார்கள். மச்சம் உண்ணாத பிள்ளைகளுக்கு அதே குழம்பில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து உருளைக்கிழங்கு போட்டுக் கொடுப்பார்கள்.

நாட்டின் நிலை இந்தச் சட்டியில் தெரிந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரவு நின்று பங்கீடு வந்ததை எமது தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசிமா இல்லாமல் இடியப்பமும் அருமையானது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் மிளகாயும் வெண்காயமும் நல்ல விலை போயின. விடுமுறை முடிந்து வரும்போது செத்தல் மிளகாய்ப் பையைத் தூக்கி வந்து விடுதிக்குக் கொடுத்த கமக்காரரின் பிள்ளைகள் எம்மிடையே இருந்தார்கள்.

1990இன் பின்னர் மின்சாரமில்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்தத் தங்கைமாருக்குப் புதன்கிழமைக் குழம்பு மாதத்தில் ஒரு நாளானது. தேங்காய் குறையக் குறையக் கப்பிப் பாலே குழம்பானது. பாதி முட்டை காற்பங்கானது. காற்பங்காக அறுக்கவும் நூல்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையில் இடம்பெயர்ந்தபோது அடுப்புகள் அணைந்தன. பிறகு திரும்பி வந்து பார்த்தவர்கள் துருவலைகளையும் அந்தப் பெரிய சட்டியையும் காணவில்லை.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் ரின் பாலை உடைத்து இதே குழம்பை வைக்கிறோம். பாதி ரின்னைத் தண்ணீரில் கலந்து இரண்டாம் பாலாக்கி, மீதியை முதற்பாலாகக் கடைசியில் விடுகிறோம். ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தாலும், நூலால் அறுக்கும் பழக்கம் எம்மிற் பலருக்குப் போகவில்லை.

இதை எழுதும்போது ஒரு கணக்கு எம்மை உறுத்தியது. முட்டைகளை மேற்றன் எண்ணிக் கொடுப்பார். மாணவிகள், விடுதியிலிருந்த ரீச்சர்மார் எல்லோரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். துருவியவர், பிழிந்தவர், சட்டியை இறக்கியவர் இருக்கவில்லை. எல்லோரும் உண்ட பின்னர் அவர்கள் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டதை நாம் கண்டிருக்கிறோம். கண்டும் கேட்கவில்லை. சம போசனத்துக்காகப் போராடிய மண்ணில் வளர்ந்த நாம், ஒரே வாங்கு என்று பெருமை பேசிய நாம், அந்த வாங்கு குசினி வாசலோடு நின்றுவிட்டதைக் கவனிக்கவில்லை.

அவர்களின் பெயர்களை இம்மலரில் எழுத விரும்பினோம், முடியவில்லை. 'ஆச்சி' என்றும் 'குசினி அக்கா' என்றும்தான் அழைத்தோம். பழைய சஞ்சிகைகளைப் புரட்டினோம். அதிபரும் ஆசிரியர்களும் இருக்கும் குழுப் படங்களில் அவர்கள் இல்லை. எனவே உலகெங்குமுள்ள எமது பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். அவர்களில் ஒருவரின் பெயரோ, ஊரோ, படமோ உங்களிடம் இருந்தால் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அவர்களின் பிள்ளைகளை அறிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். நூற்றாண்டு விழா விருந்துக்கும் முட்டைக் குழம்பு வைக்க எண்ணியுள்ளோம். அன்று முட்டையை எண்ணும்போது சமைப்பவர்களிலிருந்து தொடங்குவோம்.