பேசாப்படத்து லிங்கனின் கையெழுத்து

அமெரிக்கப் பேசாப்படங்களில் ஆபிரகாம் லிங்கன் திரும்பத் திரும்பச் செய்யும் காரியம் ஒன்றுதான்: மன்னிப்பது. 1908-ல் விடாகிராப் நிறுவனம் எடுத்த ‘தி ரிப்ரீவ்’ படத்தில், மரண தண்டனை பெற்ற சிப்பாய்க்கு உயிர்ப்பிச்சை தருகிறார். 1910-ல் பாத்தே நிறுவனம் வெளியிட்ட படத்தின் பெயரே ‘ஆபிரகாம் லிங்கனின் கருணை’. 1913-ல் வந்த ‘வென் லிங்கன் பெய்ட்’ படத்தில் பிரான்சிஸ் ஃபோர்டுதான் லிங்கன். உள்நாட்டுப் போரில் மகனைப் பறிகொடுத்த வடக்கத்தித் தாய் ஒருத்தி, தானே காட்டிக்கொடுத்த தெற்கத்திச் சிப்பாயின் உயிருக்காக அவரிடம் மன்றாடுகிறாள். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட இந்தப் படம் 2006-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய கொட்டகையில் கிடைத்தது. கண்ணீரோடு நிற்கும் பெண், மேசைக்குப் பின்னால் ஒட்டிய கன்னமும் தாடியுமாக நெடிய மனிதர், ஒரு தாள், ஒரு கையெழுத்து. இந்தக் காட்சியை ஒரு தலைவருக்குச் செலுத்திய மரியாதையாகவே பலரும் பார்க்கிறார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. லிங்கன் போட்ட இன்னொரு கையெழுத்தை, 1863 ஜனவரி 1-ம் தேதி அடிமை விடுதலைப் பிரகடனத்தில் போட்ட கையெழுத்தை, மக்கள் நினைவில் பின்னுக்குத் தள்ளிய காட்சி அது.

லிங்கன் உண்மையிலேயே மன்னிக்கும் மனம் கொண்டவர்தானே, படங்கள் பொய் சொல்லவில்லையே என்று கேட்கலாம். பொய் சொல்லவில்லைதான். வெர்மான்ட் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் ஸ்காட் என்ற சிப்பாய் 1861 ஆகஸ்ட் கடைசியில் காவல் பணியில் உறங்கிவிட்டுச் சாவுத் தண்டனை பெற்றான், செப்டம்பரில் மன்னிக்கப்பட்டான், அடுத்த ஏப்ரலில் போர்க்களத்தில் மாண்டான். போர் முடிவதற்குள்ளாகவே இது கவிதையாகிவிட்டது, படக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிய ஆயிரம் உண்மைகளில் எது திரைக்கு வருகிறது, எது வராமலே போகிறது என்பதற்கும் காரணம் இருக்கும். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் தரைப்படையில் சேர்ந்து போரிட்டார்கள். அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேற லிங்கன் முன்னின்று பாடுபட்டார். இவையும் உண்மைகள்தாம்.

பிரகடனமும் சட்டத் திருத்தமும் சொற்களின் உலகத்தைச் சேர்ந்தவை, வாயில்லாத சினிமா அவற்றை எப்படிக் காட்டும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதற்கு 1865 ஏப்ரல் 4-ம் தேதியே போதிய பதில். தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் விழுந்த மறுநாள், தன் மகன், சிறுவன் டாடைக் கையில் பிடித்துக்கொண்டு, சில கடற்படையினர் மட்டும் துணைக்கு வர, லிங்கன் அந்த நகரத் தெருக்களில் நடந்தார். முந்தின நாள்வரை அடிமைகளாயிருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வசனமே தேவைப்படாத காட்சி. பேசாப்படத்துக்கென்றே நடந்ததுபோன்ற காட்சி. இதை விட்டுவிட்டு, சொற்களால் மட்டுமே வாழும் கெட்டிஸ்பர்க் உரையை 1912-ல் விடாகிராப் படமாக்கியது. ஊமையாக இருந்தது சினிமாவுக்கு ஒரு தடையாகவே இல்லை.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1903-ல் எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ படத்தின் முடிவில், சாகக் கிடக்கும் அடிமை டாமுக்கு மேலே சில தோற்றங்கள் வந்து மறைகின்றன. தூக்குக்குப் போகும் அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுன், ஒரு போர்க்களம், மண்டியிட்ட அடிமையின் அருகே லிங்கன், கடைசியில் வடக்கும் தெற்கும் சமாதானமாவது. மண்டியிட்ட உருவம் நம்மை உறுத்துகிறது. விடுதலைக்காகத் தானே ஆயுதம் ஏந்தியவனை யாசகனாகக் காட்டுகிறது அது. ஆனாலும் விடுதலை அங்கே இருந்தது, சமாதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சமாதானம் மட்டும் தங்கியது. 1909 லிங்கனின் நூற்றாண்டு. 1911 முதல் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவுகள். 1913 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் இருதரப்புப் பழைய சிப்பாய்கள் 50,000-க்கும் மேற்பட்டோர் கூடிக் கைகுலுக்கினார்கள். தெற்கிலும் டிக்கெட் விற்க வேண்டிய படக் கம்பெனிக்கு, இருதரப்பும் கண்ணீர்விடக்கூடிய லிங்கன் தேவைப்பட்டார். மன்னிக்கும் லிங்கனை யாரும் வெறுக்க முடியாது. ‘தி ரிப்ரீவ்’ வந்த அதே 1908-ன் ஆகஸ்டில், லிங்கனின் சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர் வீடுகளைக் கொளுத்தியது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் செருப்புத் தைக்கும் முதியவர். லிங்கனுக்கே செருப்புத் தைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் பிறந்தது. அதற்கான அறைகூவல் 1909 பிப்ரவரி 12 அன்று, லிங்கனின் நூறாவது பிறந்தநாளில் வெளியானது. ஒரே மனிதரின் பெயரால் இரண்டு நினைவுகள் வளர்ந்தன. திரையில் ஏறியது ஒன்றுதான்.

அந்த ஒன்று எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 1915-ல் இயக்குநர் கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ காட்டியது. அதில் ஜோசப் ஹெனபெரி நடித்த லிங்கன் கையெழுத்திடும் தாள்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முதலில், 75,000 தொண்டர்களைப் படைக்கு அழைக்கும் ஆணை. கையெழுத்திட்ட பிறகு தனியே இருந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு, தூக்குக்குக் குறிக்கப்பட்ட தெற்கத்திக் கர்னல் பென் கேமரனின் தாய் வந்து கெஞ்ச, தயங்கித் தயங்கி மன்னிப்பு எழுதித் தருகிறார். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திடும் காட்சி மட்டும் இல்லை. மன்னிக்கப்பட்ட அந்தப் பென் கேமரன்தான் படத்தின் இரண்டாம் பாதியில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானைத் தொடங்குகிறான்! லிங்கனின் கருணையே க்ளானுக்கு உயிர் கொடுக்கும்படி கதை பின்னப்பட்டிருக்கிறது. லிங்கன் சுடப்படும் ஃபோர்ட் நாடக அரங்கை வரலாற்று நூலை ஆதாரம் காட்டி நுணுக்கமாக அமைத்தார் கிரிஃபித். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 11 அன்று, கறுப்பினத்தவரில் சிலருக்காவது வாக்குரிமை வேண்டும் என்று லிங்கன் பேசியதும், அந்தக் கூட்டத்தில் கொலைகாரன் பூத் நின்றிருந்ததும் படத்தில் இல்லை. கொலை இருக்கிறது, காரணம் இல்லை. அரங்கின் ஒவ்வோர் இருக்கைக்கும் காட்டிய அக்கறை இந்த மௌனத்தை மறைக்கத்தான் உதவியது.

சினிமாவை மட்டும் குறை சொல்வது நியாயமா, நாடே அப்படித்தானே நினைத்தது என்பார்கள். 1922-ல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட லிங்கன் நினைவகத்தில் சிலைக்கு மேலுள்ள வாசகம், அவர் ஒன்றியத்தைக் காத்ததை மட்டுமே சொல்கிறது. திறப்பு விழாவில் கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைத்தார்கள். ஆக, நாடு அப்படி நினைத்தது உண்மை. ஆனால் நாடு முழுவதும் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் முக்கியம். 1916-ல் ஒமாஹாவில் நோபிள் ஜான்சனும் அவர் சகோதரரும் தொடங்கிய கறுப்பினத்தவர் படக் கம்பெனிக்கு லிங்கனின் பெயரையே வைத்தார்கள். கிரிஃபித்துக்குப் பதிலடியாக ஒரு படம் எடுக்க, டஸ்கீகி கல்லூரியின் எம்மட் ஸ்காட் போன்றோர் முயன்றார்கள். தொடக்கத்தில் அதற்கு ‘லிங்கனின் கனவு’ என்று பெயர். பணம் போதவில்லை, கை மாறியது, கதையும் மாறியது. 1918-ல் அது ‘தி பர்த் ஆஃப் எ ரேஸ்’ என்று வெளியானபோது, விவிலியக் கதைகளும் அப்போதுதான் முடிந்திருந்த உலகப் போரும் படத்தை நிறைத்திருந்தன. தெற்கின் தாய்மாருக்காக மேசையில் குனிந்து எழுதிய லிங்கனுக்கு ஆண்டுதோறும் முதல் போட ஆளிருந்தது. ரிச்மண்ட் தெருவில் நடந்த லிங்கனுக்கு அது கிடைக்கவில்லை.