அரிசோனாவின் பெற்றோர்வழிக் கல்விக் கணக்கு: தோற்றமும் விரிவும்

பொதுப்பணத்தைத் தனியார் கல்விக்கும் வழங்கலாம் என்னும் கருத்தினை மில்டன் ஃபிரீட்மன் 1955இல் பற்றுச்சீட்டு முறையாக முன்வைத்தார். அது பெற்றோர் கையாளும் கணக்காக உருமாறியதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எழுந்த வழக்கே காரணமாயிற்று.

மாற்றுத்திறனாளி மாணவர்க்கும் வளர்ப்பு இல்லங்களில் வாழும் குழந்தைகளுக்கும் அம்மாநிலம் வழங்கிய பற்றுச்சீட்டுகள் செல்லாவென 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் உதவியாகச் செல்வதை மாநில அரசியலமைப்பு தடை செய்திருந்தது.

எனவே 2011ஆம் ஆண்டுச் சட்டம் பணம் செல்லும் வழியை மாற்றியது. மாற்றுத்திறனாளி மாணவர்க்குரிய தொகை பெற்றோரின் பொறுப்பிலுள்ள கணக்கில் சேர்க்கப்பட்டது. பள்ளிக் கட்டணம், பாடநூல், தனிப்பயிற்சி ஆகியவற்றுள் எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். இவ்வேறுபாட்டை ஏற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சட்டத்தை உறுதிசெய்தது. ஆயினும் கணக்கைப் பெறுவோர், பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதில்லை என ஒப்பந்தமிட வேண்டியிருந்தது.

இத்திட்டத்தை அனைத்து மாணவர்க்கும் திறந்துவிடும் சட்டத்தை மக்கள் 2018ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிராகரித்தனர். எனினும் 2022இல் சட்டமன்றம் அதனை அனைவர்க்கும் உரியதாக்கியது. குறிப்பிட்ட குழந்தைகளின் தேவைக்காகச் சட்டத்தடையைக் கடக்க வகுக்கப்பட்ட வடிவமே இவ்வாறு பொதுக்கொள்கையாயிற்று. தெரிவுரிமையோடு, அரசுப் பள்ளி ஏற்றிருந்த பொறுப்பும் பெற்றோரைச் சேர்ந்தது என்பதே இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை.