கீமோ மருந்து கட்டிக்குப் போய்ச் சேருதா?

சித்தூர் பக்கத்துச் சொந்தங்களோடு போனில் பேசும்போது மார்பகப் புற்றுநோய் என்று வந்துவிட்டால், முதல் கேள்வி "வேலூரா, திருப்பதியா?" என்பதுதான். 1911-ல் பாதி வடஆற்காட்டை வெட்டி உண்டாக்கிய மாவட்டம் அல்லவா, ரொம்ப நாள் வரை பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர் சி.எம்.சி.தான். திருப்பதியில் ஸ்விம்ஸ் 1993-ல் வந்தது. புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி 2022-ல் வந்தது. இரண்டாவது கேள்விதான் கஷ்டம்: "முடியெல்லாம் கொட்டுதே, மருந்து கட்டிக்குப் போய்ச் சேருதான்னு எப்படித் தெரியும்?"

இதே கேள்வியை ஐம்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். மருந்தின் மேல் துளியூண்டு கதிரியக்கத்தை ஒட்டி ஊசி போட்டு, அது எங்கே போகிறது என்று காமிராவில் பார்த்தால் என்ன?

முதலில் சிக்கியது ப்ளியோமைசின். ஜப்பானில் உமேசாவா 1960-களில் கண்டுபிடித்த மருந்து. உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 1970-களில் அதில் கோபால்ட்-57 ஏற்றினார்கள். கட்டி நன்றாகவே தெரிந்தது. ஆனால் கோபால்ட்-57 பாதியாகக் குறைய 271 நாள். அதுவோ சிறுநீரில் வெளியேறுகிறது. எந்த ஆஸ்பத்திரி கழிவறை தாங்கும்? ஐடியா அங்கேயே படுத்துவிட்டது.

மாற்று, டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்தில் பாதி. மாலிப்டினம் ஜெனரேட்டரிலிருந்து தினமும் "பால் கறப்பது" போல எடுத்துக்கொள்ளலாம். அணு மருத்துவ ஆட்கள் நிஜமாகவே அதை மாடு என்றுதான் சொல்வார்கள் :-) சிக்கல் என்னவென்றால் இது ஓர் உலோகம், சின்ன மருந்து மூலக்கூறில் மாட்ட ஒரு கொக்கி வேண்டும். மூட்டையைத் தலையில் வைத்துவிட்டால் அது பழைய ஆளாகவே நடக்குமா?

இந்தச் சிக்கலே இல்லாத மருந்து 5-எஃப்.யு. அதில் ஏற்கெனவே ஒரு ஃப்ளோரின் உண்டு. 1973-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில், அந்த இடத்தில் ஃப்ளோரின்-18 வைத்தே அதைத் தயாரித்தார்கள். ரசாயனத்தில் மாற்றமே இல்லை, மருந்து மருந்தாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே அழகான வேலை இதுதான். குறை, 110 நிமிடத்தில் பாதி. சென்னையில் செய்து மூன்று மணி நேரம் காரில் திருப்பதிக்குக் கொண்டு வந்தால், புறப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பதில் கொஞ்சம் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். செஸ்டமிபி, இதய ஸ்கேனுக்கான டெக்னீசியம் மருந்து. சில புற்றுசெல்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் உண்டு (1976-ல் டொரண்டோவில் கண்டது). டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் இரண்டையும் வெளியே தள்ளும். அதே பம்ப் செஸ்டமிபியையும் தள்ளும் என்று 1993-ல் தெரிந்தது. ஸ்கேனில் செஸ்டமிபி சீக்கிரம் வடிந்தால், கீமோவும் வடியலாம். 1997-ல் மார்பகப் படத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் கீமோவை மாற்றுவதா என்று இதை வைத்து முடிவெடுக்கும் வழக்கம் வரவில்லை. மருந்து தோற்க பம்ப் மட்டும் காரணமில்லையே.

2020-ல் ஈஸ்ட்ரோஜனையே ஃப்ளோரின்-18 போட்டு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கவும் அனுமதி வந்தது. அது ஹார்மோன் சிகிச்சைக்கு உதவும். கீமோவுக்கு இன்னும் பழைய வழிதான்: இரண்டு மூன்று தவணை போட்டு, கட்டி சுருங்கியதா என்று அளந்து பார்ப்பது. பெட் ஸ்கேனில் மின்னுவதும் சர்க்கரைதான், மருந்து இல்லை.