பீவர் விமானம்

கனடாவின் வடபால் நிலம் ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்தது. புகையிரதப் பாதையோ தெருவோ எட்டாத அப்பெரும்பரப்பில், இரு உலக மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே, சுரங்கம் தேடுவோர்க்கு வேண்டிய உணவையும் தபாலையும் கொண்டுசென்றவை சிறு விமானங்களேயாம். கோடையில் மிதவை பூண்டு நீரிலும், மாரியிற் சறுக்குப்பலகை பூண்டு உறைபனியிலும் அவை இறங்கின.

யுத்தம் முடிந்ததும், ரொறன்ரோவை அடுத்த டவுன்ஸ்வியூவில் குண்டுவீச்சு விமானங்களை ஆக்கிவந்த டி ஹவிலண்ட் கனடா நிறுவனத்துக்கு வேலை குன்றிற்று. அதன் தலைவர் பில் கரற், காட்டகத் தொழிலுக்கென்றே ஒரு விமானம் ஆக்கத் துணிந்தார். அதற்கு நிறுவனம் கைக்கொண்ட முறை கவனிக்கற்பாலது. எத்தகைய விமானம் வேண்டும் என்று காட்டகத்து விமானிகளையே அது வினாவிற்று. அவர்கள் வேகத்தை விரும்பினாரல்லர். குறுகிய ஏரியிலிருந்தும் பாரத்துடன் எழவேண்டும் என்றனர். நாய்கள் இழுக்கும் பனிவண்டியை முந்தினாற் போதும் என ஒருவர் சொன்னதாகக் கதையும் உண்டு.

பிரெட் புல்லர், டிக் ஹிஸ்கொக்ஸ் முதலிய பொறியியலாளர் அவ்விடைகளை உலோகத்தில் வடித்தனர். எண்ணெய்ப் பீப்பாவை உருட்டி ஏற்றத்தக்க அகன்ற கதவுகள் இருபுறமும் அமைந்தன. எரிபொருட் கலங்கள் தளத்தின் கீழிருந்தமையால், அவற்றை நிரப்புதற்குப் பனி மூடிய சிறகின்மேல் ஏறவேண்டியதில்லை. எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயையோ விமானி தம் ஆசனத்திலிருந்தவாறே, பறக்கும்போதுங்கூட, ஊற்றலாம். கடுங்குளிரில் தனியே தொழில் புரிந்தவர்க்கே இவற்றின் அருமை விளங்கும்.

முதலிற் கருதிய பிரித்தானிய எஞ்சின் வலுவிற் குறைந்தது. யுத்தத்தில் எஞ்சிக் கிடந்த 450 பரிவலுவுள்ள வாஸ்ப் ஜூனியர் எஞ்சின் மலிவாகக் கிடைத்தமை இவ்விமானத்தின் நல்லூழ் எனலாம். 1947 ஆகஸ்ட் 16ஆந் திகதி ரஸ் பனொக் என்பார் முதன்முறை இதனைச் செலுத்தினார். மரமறுத்து அணைகட்டும் கனேடிய விலங்கான பீவரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

ஒன்ராறியோ மாகாணத்தின் காட்டு இலாகா முதலில் இதனை வாங்கிற்று. ஆயினும் காட்டகத் தொழிலை மட்டும் நம்பியிருந்தால் உற்பத்தி விரைவில் நின்றிருக்கும். ஐக்கிய அமெரிக்கப் படைகள் ஏறத்தாழ 970 விமானங்களை வாங்கின. கொரிய யுத்தத்தில் இவை சேனாதிபதிகளையும் காயமுற்றோரையும் சுமந்தன. தென்துருவப் பயணத்தில் எட்மண்ட் ஹிலறியின் குழுவினரும் ஒன்றைக் கொண்டுசென்றனர். 1967இல் உற்பத்தி நின்றபோது மொத்தத்தொகை 1,600ஐக் கடந்திருந்தது. படைகள் கழித்த விமானங்கள் பல பின்னர் புதுக்கப்பட்டு, எவர்க்காக ஆக்கப்பட்டனவோ அவரிடமே வந்து சேர்ந்தமை சரித்திரத்தின் ஒரு விநோதம்.

இதன்மீது குற்றமே இல்லை என்பது பொருந்தாது. மெதுவாகப் பறந்தவாறே செங்குத்தாகத் திரும்பினால், சிறகு ஏந்துவலுவை இழப்பதற்குமுன் போதிய எச்சரிக்கை கிடைப்பதில்லை. 2015இல் கியூபெக் மாகாணத்தில் தடுசாக் அருகே ஒரு பீவர் இவ்வாறு வீழ்ந்து அறுவர் மாண்டனர். வாணிபத்தில் ஈடுபடும் பீவர்கள் யாவற்றிலும் எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படவேண்டும் என 2017இல் விசாரணைச் சபை கேட்டது. விமானிகளின் விருப்பங்களை அத்துணைக் கருத்தோடு கேட்டு ஆக்கிய விமானத்தில் இக்குறை எழுபதாண்டு தொடர்ந்தமை வருந்தத்தக்கது.

எஞ்சின் மாற்றம் மாத்திரம் இதற்குப் புதிதன்று. அறுபதுகளிலேயே சுழலி எஞ்சின் பூண்ட பீவர்கள் சில வெளிவந்தன. 2019 டிசம்பர் 10ஆந் திகதி, வன்கூவரை அடுத்த றிச்மண்டில், மின்சார எஞ்சின் பூட்டிய பழைய பீவர் ஒன்று ஆற்றுநீரினின்றும் எழுந்து, சில நிமிட நேரம் பறந்து, அவ்வாற்றிலேயே இறங்கிற்று.